அப்பத்தா நினைவில் இருக்கும் வீட்டை எப்படி வரைந்து வைப்பது?

கண்டனூர்ப் பேத்தி:
எங்கள் அப்பத்தாவுக்கு 84 வயது. அவர் வாழ்க்கைப்பட்டு வந்த செட்டிநாட்டு வீடு பங்காளிகள் பிரித்ததில் பாதி இடிந்து, தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் விலைக்குப் போய்விட்டன. ஆனால் அப்பத்தா பேச ஆரம்பித்தால் வீடு முழுசாக எழுந்து நிற்கிறது. வளவைச் (நடு முற்றத்தை) சுற்றி எந்தப் புள்ளிக்கு, அதாவது எந்தக் குடும்பத்துக்கு, எந்த அறை, மழைக்கு எந்த மூலையில் அண்டா வைப்பார்கள், கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்யப் போன மாமனார் 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்து முகப்பில் சாய்ந்த கதை, எல்லாம். போனைப் பதிவில் போட்டு எதிரே வைத்தால் மட்டும் "என்னத்தச் சொல்றது" என்று நிறுத்திவிடுகிறார். எனக்கு ஓரளவு வரைய வரும். எங்கே ஆரம்பிக்கலாம்?

தேவகோட்டைக்காரன்:
நீங்கள் வரையாதீர்கள் தங்கச்சி, அவரையே வரைய விடுங்கள். எங்கள் ஆயாவிடம் பென்சில் கொடுத்தபோது தொடவே இல்லை. பச்சரிசியை ஊறவைத்து அரைத்து, துணியை அதில் நனைத்துக் கொடுத்து, "இந்தப் பலகையில் வீட்டைக் கோலமாகப் போடுங்க" என்றேன். நடுவீட்டுக் கோலம் போட்டுப் பழகிய கை, தானாக ஓடியது. கை ஓட ஓட வாயும் திறந்தது. அடுப்படியைப் பட்டாலையைவிட (பெரிய கூடத்தைவிட) பெரிதாகப் போட்டார். அளவு தப்பு என்று திருத்தப் போனேன், நல்ல வேளை திருத்தவில்லை. விடியுமுன் எழுந்து பெரும்பாலான நாளை அவர் கழித்த இடம் அதுதான். மாவு ஈரமாக இருக்கும்போது கோடு மங்கலாகத் தெரியும், காய்ந்து வெளுத்ததும் நேர் மேலிருந்து படம் எடுங்கள்.

ஆத்தங்குடிக் கல் பட்டறை:
இடிந்த பக்கத்தில் தரைக்கல் சில்லு கிடந்தால் ஒன்றை எடுத்து வையுங்கள். நாங்கள் கண்ணாடி மேல் அச்சை வைத்துச் சாயச் சிமெண்டை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, பின்னால் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்போம். எல்லாம் கைவேலை, அதனால் சில்லைப் பார்த்து அதே பூவில் நாலு கல் போட முடியும். அப்படி ஒரு குடும்பத்துக்குச் செய்தோம், பூஜை அறையில் பதித்திருக்கிறார்கள்.

பள்ளத்தூர் ஆச்சி:
தம்பி சொன்னதில் எனக்குப் பாதிதான் சம்மதம். நீயும் வரைந்து அவரிடம் காட்டும்மா. தப்பாக வரைந்தால் "கதவு அங்க இல்லடி" என்று அவரே ஆரம்பிப்பார். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், வெளுத்துவிடும், நிறமி மைப் பேனா வாங்கு. லேமினேஷன் செய்யாதே. பின்பக்கம் தேதியையும் யார் சொன்னது என்பதையும் பென்சிலால் எழுது.

கண்டனூர்ப் பேத்தி:
இன்று மாவு கரைத்துக் கொடுத்தேன். அப்பத்தா முதலில் போட்டது வீட்டை இல்லை, இரண்டாம் கட்டுக்கு (வீட்டின் பின்பகுதிக்கு) பின்னால் இருந்த கிணற்றை. பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம். என்னவென்று கேட்டேன். துவைக்கிற கல்லாம், கல்யாணமாகி வந்த புதிதில் அம்மா நினைப்பு வந்தால் அதில் போய் உட்கார்ந்துகொள்வாராம். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்றார். நாற்பது நிமிடம் பேசினார். நாளைக்கு வளவு.