சாலைக்காக வாகன ஓட்டிகளிடம் வரி வாங்க நியாயமான வழி எது?

கேள்வி: வழிப்போக்கன்

வாகனம் வாங்கும்போது ஒரு வரி, ஆண்டுதோறும் ஒரு வரி, எரிபொருளோடு சேர்த்து ஒரு வரி, போகிற வழியில் சுங்கச்சாவடி என்று வாகன ஓட்டியிடம் பல இடங்களில் பணம் வாங்கப்படுகிறது. இவற்றுள் எரிபொருள் வரியைத்தான் நெடுங்காலமாக நியாயமானது என்று பலரும் ஒப்புக்கொண்டு வந்திருக்கிறார்கள். அதிகம் ஓட்டுபவர் அதிகம் எரிக்கிறார், அதிகம் எரிப்பவர் அதிகம் கொடுக்கிறார் என்ற கணக்கில் குறை சொல்ல எதுவும் இருக்கவில்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1919-இல் கேலனுக்கு ஒரு சென்ட் என்று சாலைகளுக்காகத் தொடங்கிவைத்த இந்த ஏற்பாடு, பிறகு அந்நாட்டின் மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. வசூலிப்பதும் எளிது. எண்ணெய்க் கிடங்குகளை நடத்தும் சில நிறுவனங்களிடம் மொத்தமாக வாங்கிவிட்டால் வேலை முடிந்தது. கோடிக்கணக்கான ஓட்டுநர்களைத் தேடிப் போக வேண்டியதில்லை.

இந்தக் கணக்கு இப்போது உடைந்துவிட்டது. புதிய மின்வாகனம் வாங்கும் வசதி உள்ளவர் எரிபொருள் வரியாக ஒரு காசும் செலுத்துவதில்லை. அதே சாலையில், அதே தொலைவு, பழைய பெட்ரோல் காரை ஓட்டிச் செல்பவர் இருவருக்கும் சேர்த்துச் செலுத்துகிறார். வசதி குறைந்தவர் வசதி மிகுந்தவரின் சாலைச் செலவைச் சுமக்கும் இந்த நிலை நீடிக்க முடியாது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதற்கு மாற்றாக எதை வைப்பது என்பதில்தான் தெளிவில்லை. ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று எல்லா வாகனங்களுக்கும் ஒரே கட்டணம் வைத்துவிட்டால் போதுமா? அல்லது அதிலும் நான் கவனிக்காத அநியாயம் ஏதேனும் ஒளிந்திருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

மறுமொழி: அச்சாணி

ஒரே கட்டணம் என்பதில்தான் அநியாயம் இருக்கிறது, நண்பரே. சாலை எதனால் கெடுகிறது என்பதைப் பார்த்துவிட்டு வரிக்கு வருவதே முறை.

1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே, சோதனைக்கென்றே ஆறு வளையச் சாலைகளை அமைத்து, இராணுவ ஓட்டுநர்களைக் கொண்டு சுமையேற்றிய லாரிகளை இரவும் பகலும் ஓட்டிப் பார்த்தார்கள். அதிலிருந்து கிடைத்ததுதான் சாலைப் பொறியாளர்கள் இன்றும் எடுத்தாளும் நான்காம் அடுக்கு விதி. ஓர் அச்சின் (இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் தண்டின்) மீது இறங்கும் சுமை இரண்டு மடங்கானால், சாலைக்கு நேரும் சேதம் இரண்டு மடங்காவதில்லை. ஏறத்தாழ பதினாறு மடங்காகிறது. ஓர் அச்சுக்கு ஒரு டன் சுமை உள்ள காரையும், பத்து டன் சுமை உள்ள லாரியையும் ஒப்பிட்டால், லாரியின் ஓர் அச்சு ஒருமுறை கடந்து செல்வது காரின் அச்சு பத்தாயிரம் முறை கடந்து செல்வதற்குச் சமம். சாலையின் வகையைப் பொறுத்து இந்த அடுக்கு சற்றுக் கூடும், குறையும் என்பது உண்மைதான். ஆனாலும் எப்படிக் குறைத்துப் பார்த்தாலும் காரும் லாரியும் பக்கத்தில் வைத்துப் பேசக்கூடியவை அல்ல.

மின்வாகனங்கள் கனமானவை, அவைதான் சாலையைக் கெடுக்கின்றன என்று அடிக்கடி சொல்லப்படுவதையும் இந்த அளவுகோலை வைத்தே பார்க்க வேண்டும். ஒன்றரை டன் பெட்ரோல் காருக்குப் பதில் இரண்டு டன் மின்கார் வந்தால் சேதம் சுமார் மூன்று மடங்காகும். கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும். ஆனால் அந்த மூன்று மடங்கும் ஒரு லாரியின் கணக்கில் தூசுக்குச் சமம். எனவே மின்காரிடம் கட்டணம் வாங்குவதற்கு ‘நீங்களும் சாலையில் ஓடுகிறீர்கள்’ என்ற காரணமே போதுமானது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. மொத்த எடையைவிட, அந்த எடை எத்தனை அச்சுகளில் பிரிந்து இறங்குகிறது என்பதுதான் சாலைக்கு முக்கியம். இருபது டன்னை இரண்டு அச்சுகளில் ஏற்றுவதற்குப் பதில் நான்கு அச்சுகளில் பிரித்து ஏற்றினால், அதே விதியின்படி சேதம் எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். எரிபொருள் வரி இதை அறவே கண்டுகொள்வதில்லை. சொல்லப் போனால், அச்சுகள் கூடக்கூட உருளும்போது ஏற்படும் தடையும் வண்டியின் சொந்த எடையும் கூடி எரிபொருள் சற்று அதிகமாகவே செலவாகும் என்பதால், சாலைக்கு நல்லது செய்பவரை அது தண்டிக்கிறது.

இதைச் சரியாகப் பிடித்திருப்பது நியூசிலாந்து. அங்கே பெட்ரோல் வாகனங்கள் எரிபொருள் வழியாகவே செலுத்த, டீசல் வாகனங்களும் கனரக வாகனங்களும் 1970-களின் இறுதியிலிருந்து தொலைவுக் கட்டணம் செலுத்தி வருகின்றன. ஆயிரம் கிலோமீட்டர் கொண்ட அலகுகளாக முன்கூட்டியே வாங்கி, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று அச்சிட்ட சீட்டை முன்கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். நிறுத்திப் பார்க்கும் அதிகாரி, சீட்டில் உள்ள எண்ணையும், ஓடிய தொலைவைக் காட்டும் ஓடோமீட்டரில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டாலே போதும். லாரிகளுக்குச் சக்கரத்தின் குடத்திலேயே, சக்கரத்தோடு சுழன்று தொலைவை எண்ணும் ஒரு கருவி பொருத்தப்பட்டிருக்கும். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்துகொண்டு அதில் கைவைக்க முடியாது. எடைக்கும் அச்சுகளின் எண்ணிக்கைக்கும் ஏற்பக் கட்டணம் மாறும். 2024 ஏப்ரல் முதல் நாளிலிருந்து மின்வாகனங்களும் இதற்குள் வந்துவிட்டன. இலகுரக மின்வாகனத்துக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு 76 நியூசிலாந்து டாலர் என்று விதித்தார்கள்.

எடை, அச்சு, தொலைவு ஆகிய மூன்றையும் கணக்கில் கொண்டு வரும் தொகையே நியாயமான வரி என்பது என் முடிவு. லாரிக்காரர்கள் சரக்குக் கட்டணத்தை உயர்த்துவார்களே என்று கேட்கலாம். உயர்த்தட்டும். சரக்கு எங்கே போய்ச் சேர்கிறதோ அங்கே அந்தச் செலவும் போய்ச் சேர்வதுதான் முறை. எடைக்கேற்பச் சுங்கம் வாங்கினால் தேய்மானத்துக்கேற்ப வாங்கியதாகும் என்றும், வண்டிக்காரர் கட்டினாலும் இறுதியில் பொருளை வாங்குபவரே அதைச் சுமக்கிறார் என்றும் ஆடம் ஸ்மித் 1776-இலேயே எழுதிவிட்டார்.

மறுமொழி: நிழற்குடை

அச்சாணி அவர்கள் கொடுத்த விளக்கம் தெளிவாக இருந்தது. ஆனால் அது சாலையைத் தாரும் ஜல்லியுமாக மட்டுமே பார்க்கிறது. சாலை என்பது இடமும்கூட. காலை ஒன்பது மணிக்கு நகரின் நடுவே ஒற்றை ஆளைச் சுமந்து நிற்கும் சிறிய கார் தாருக்கு ஒரு கேடும் செய்வதில்லை. ஆனால் தன் பின்னால் நிற்கும் நூறு பேரின் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறது, அதன் முன்னால் நிற்பவர்களும் அதற்கு அப்படியே செய்கிறார்கள். எடையையும் தொலைவையும் மட்டும் கணக்கிட்டால், நள்ளிரவில் வெறிச்சோடிய சாலையில் ஓட்டியவரும் நெரிசல் நேரத்தில் ஓட்டியவரும் ஒரே தொகையைச் செலுத்துவார்கள். இது எப்படி நியாயமாகும்?

பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 1996-இல் பெற்ற வில்லியம் விக்ரி, நெரிசல் நேரத்தில் சாலையைப் பயன்படுத்துபவரிடம் அதற்கெனக் கட்டணம் வாங்க வேண்டும் என்பதைத்தான் பல பத்தாண்டுகளாக வலியுறுத்தி வந்தார். சிங்கப்பூர் 1975-இல் காகித உரிமச் சீட்டுகளோடு இதைத் தொடங்கி, 1998-இல் மின்னணு முறைக்கு மாறியது. லண்டன் 2003 பிப்ரவரியில் நாளொன்றுக்கு ஐந்து பவுண்டு என்று தொடங்கியது. ஸ்டாக்ஹோமின் அனுபவம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே 2006-இல் சுமார் ஏழு மாதங்கள் சோதனையாக வசூலித்தார்கள். கட்டண எல்லையைக் கடக்கும் வாகனங்கள் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தன. தொடங்குவதற்கு முன் கடுமையாக எதிர்த்த நகர மக்களே, வீதிகள் காலியாகியிருப்பதைக் கண்ணால் கண்ட பிறகு, அதே ஆண்டு நடந்த வாக்கெடுப்பில் ஆதரவாக வாக்களித்தார்கள். 2007-இல் அது நிரந்தரமானது. முதலில் வாக்கெடுப்பும் பிறகு கட்டணமும் என்று வைத்திருந்தால் தோற்றிருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஆகவே, நெரிசல் உள்ள இடத்தில் நெரிசல் உள்ள நேரத்துக்கு மட்டும் ஒரு கட்டணம் கட்டாயம் வேண்டும். பேருந்துகளுக்கு விலக்கு வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

மறுமொழி: கடைக்கோடி

இருவரும் சொல்வதைப் படிக்கும்போது, வாகன ஓட்டி என்றாலே தன் விருப்பத்தின்பேரில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புபவர் என்று எண்ணுகிறீர்களோ என்று தோன்றுகிறது. பேருந்து எட்டிப் பார்க்காத இடத்தில் வசிப்பவருக்கு மருத்துவமனையும் தொலைவு, பள்ளியும் தொலைவு, வேலையும் தொலைவு. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வைத்தால், வேறு வழியே இல்லாதவரிடம்தான் அதிகம் வாங்குவீர்கள். வேலைக்கு வரும் நேரத்தைத் தானே தீர்மானிக்க முடியாத துப்புரவுப் பணியாளருக்கு ‘நெரிசல் இல்லாத நேரத்தில் வாருங்கள்’ என்ற அறிவுரையால் என்ன பயன்?

வரலாறும் இதில் எச்சரிக்கையாகவே இருக்கிறது. வேல்ஸ் நாட்டுப்புறத்தில் 1839 முதல் 1843 வரை விவசாயிகள் பெண்வேடமிட்டு இரவில் சுங்கவாயில்களை உடைத்தெறிந்தார்கள். பிரான்சில் 2018-இல் எரிபொருள் வரி உயர்வை எதிர்த்து மஞ்சள் மேலங்கியோடு வீதிக்கு வந்தவர்களில் பலரும் பெருநகரத்துக்கு வெளியே, காரை நம்பி வாழ்ந்தவர்கள். இரண்டு இடங்களிலும் வரி மட்டும் காரணமல்ல என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் வெடிப்பதற்குச் சாலை வரி போதுமானதாக இருந்தது.

இன்னொன்று. சாலையால் பயன்பெறுவது வாகன ஓட்டி மட்டும்தானா? வண்டியே இல்லாதவர் உண்ணும் காய்கறியும் சாலை வழியாகத்தான் வருகிறது, அவரை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸும் சாலையில்தான் வருகிறது. பிரிட்டனில் வாகன வரி 1937 முதல் பல பத்தாண்டுகளாகச் சாலைக்கென்று ஒதுக்கப்படாமல் பொது நிதியில்தான் சேர்ந்தது. சாலைச் செலவு அந்தப் பொது நிதியிலிருந்து வந்தது. வருமானத்துக்கேற்ப வாங்கும் பொது வரியிலிருந்து சாலையைப் பராமரிப்பதே எல்லாவற்றிலும் நியாயம் என்று நான் வாதிடுவேன். நான் எப்போது எங்கே போனேன் என்பதை ஜிபிஎஸ் கருவி ஒன்று குறித்துவைக்கும் தொல்லையும் இருக்காது.

மறுமொழி: வழிப்போக்கன்

மூவருக்கும் நன்றி. கடைக்கோடி அவர்களின் கவலை எனக்கும் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் பொது வரியில் போட்டால், அச்சாணி சொன்ன பத்து டன் அச்சுக்காரருக்கு அச்சைக் கூட்ட எந்தத் தூண்டுதலும் இராதே? ஜிபிஎஸ் இல்லாமல் தொலைவை அளக்கலாம் என்றால், நெரிசலை எப்படி அளப்பது? ஓடோமீட்டரில் மோசடி செய்வோரையும் சற்று எண்ணிப் பாருங்கள்.

மறுமொழி: அச்சாணி

கடைக்கோடி அவர்கள் சொன்னதில் ஒரு பகுதியை முழுமையாக ஏற்கிறேன். நான் குறிப்பிட்ட அந்தச் சோதனையில் ஆறு வளையங்களில் ஒன்றில் சோதனை லாரிகளை விடவே இல்லை. வெயிலும் மழையும் உறைபனியும் மட்டுமே சாலையை என்ன செய்கின்றன என்று பார்ப்பதற்காக அதைத் தனியே வைத்திருந்தார்கள். யாருமே ஓட்டாவிட்டாலும் தார் வெளுத்து விறைக்கும், வெடிப்பு விடும், அதன் வழியே நீர் இறங்கி அடித்தளத்தை இளக்கும். இந்தப் பகுதிக்கான செலவை எந்த ஓட்டியின் தலையிலும் கிலோமீட்டர் கணக்கில் கட்டுவதற்கு நியாயமில்லை. சாலை இருப்பதாலேயே பயன்பெறும் அனைவரும் பொது வரி வழியாக அதைத் தாங்கட்டும். சுமையால் வரும் தேய்மானத்தை மட்டும் எடை, தொலைவுக் கணக்கில் வாங்குவோம். அப்படிப் பிரித்துவிட்டால், தொலைதூரத்தில் வசிக்கும் கார்க்காரர் செலுத்த வேண்டியது மிகச் சிறிய தொகையாகிவிடும். ஏனென்றால் கார் செய்யும் தேய்மானமே மிகச் சிறிதுதான். பெருந்தொகை லாரிகளிடமிருந்து வரும். சுவிட்சர்லாந்தில் மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களிடம் 2001 முதல் எடை, தொலைவு, புகை ஆகிய மூன்றையும் கணக்கிட்டு, நெடுஞ்சாலை மட்டுமின்றி எல்லாச் சாலைகளுக்கும் வாங்குகிறார்கள்.

நெரிசலை அளக்க எல்லா வண்டியிலும் ஜிபிஎஸ் தேவையில்லை. ஸ்டாக்ஹோமில் எல்லையில் நிறுத்திய கேமராக்கள் எண்பலகையைப் படிக்கின்றன, அவ்வளவுதான். தொலைவுக்கு ஓடோமீட்டர், நெரிசலுக்கு எல்லைக் கேமரா என்று இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொண்டால், ஒருவருடைய முழுப் பயணமும் எந்த ஒரு கோப்பிலும் சேராது. ஓரிகன் மாநிலமே 2015-இல் தொடங்கிய தன் தொலைவுக் கட்டணத் திட்டத்தில், இருப்பிடத்தைப் பதிவு செய்யாத கருவியையும் ஒரு தெரிவாக வைத்திருக்கிறது.

ஓடோமீட்டர் மோசடி இருக்கத்தான் செய்யும். ஆண்டுத் தகுதிச் சோதனையின்போது எண்ணைக் குறித்துவைத்து, விற்கும்போது மீண்டும் சரிபார்த்தால் பெரும்பகுதியைப் பிடித்துவிடலாம்; குறைத்துக் காட்டி மிச்சப்படுத்தும் தொகை சிறிதாக இருக்கும்வரை, அதற்காகத் துணிபவர்களும் குறைவாகவே இருப்பார்கள். என்னை உண்மையில் கவலைப்படுத்துவது வேறு. எரிபொருள் வரி சிறுசிறு தொகையாகக் கரைந்து போனது. தொலைவுக் கட்டணம் ஆண்டிறுதியில் ஒரே சீட்டாக வந்து நின்றால், கையில் பணம் இல்லாதவர்தான் முதலில் திணறுவார். எனவே மாதத் தவணையாகவோ, வேண்டும்போது சிறிய அலகுகளாகவோ செலுத்தும் வசதி முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும்.

எரிபொருள் வரியையும் உடனே நீக்கிவிடக் கூடாது. புகைக்கான விலையாக ஒரு பகுதி அதில் தங்கட்டும். விகிதத்தை மட்டும் ஆண்டுதோறும் விலைவாசியோடு இணைத்துவிட வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் பெட்ரோல் வரி 1993-இல் வைத்த 18.4 சென்ட்டிலேயே நின்றுபோனது போல, புதிய கட்டணமும் ஓரிடத்தில் நின்றுவிட்டால் பத்து ஆண்டுகளில் இதே கேள்வியைத் திரும்பவும் கேட்க வேண்டியிருக்கும்.