சைக்கிள் சீட்டு வலி: உங்களுக்கு எது தோதாக அமைந்தது?

திருவொற்றியூரிலிருந்து:

மணலிக்கு வேலைக்குப் போவது சைக்கிளில்தான். கன்டெய்னர் லாரிகள் ஓடி ஓடி அந்தச் சாலை எந்த நிலையில் கிடக்கும் என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வண்டியோடு வந்த சீட்டு நல்ல மெத்துமெத்தென்று இருந்தது. கடையில் விரலால் அமுக்கிப் பார்க்கும் யாருக்கும் அது பிடித்துவிடும். ஆனால் எம்.எஃப்.எல். ரவுண்டானா வருவதற்குள் கவட்டையில் மரத்துப்போகும். இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றால்தான் உணர்ச்சி திரும்பும். கூச்சத்தில் இதை யாரும் வெளியே பேசுவதில்லை. பேசத்தான் வேண்டும். புதுச் சீட்டில் எலும்பு வலித்தால் சில நாளில் பழகிவிடும், அது வேறு. மரத்துப்போவது என்றால் நரம்பும் ரத்தக் குழாயும் நசுங்குகின்றன என்று அர்த்தம். அதைப் பொறுத்துக்கொண்டு ஓட்டக் கூடாது.

உட்காரும்போது நம் எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பெலும்பின் அடியில் இரண்டு பக்கமும் இருக்கும் முட்டுகள். உள்ளங்கையை அடியில் வைத்து உட்கார்ந்து பாருங்கள், தட்டுப்படும். சீட்டு ரொம்ப மென்மையாக இருந்தால் அந்த முட்டுகள் ஸ்பாஞ்சுக்குள் இறங்கிவிடும். நடுவில் உள்ள ஸ்பாஞ்சு மேலே பிதுங்கி, அழுத்தமே படக்கூடாத இடத்தில் அழுத்தும். மேலே ஜெல் கவர் மாட்டினால் இன்னும் மோசம்தான் ஆகும். அதனால் சீட்டு வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அகலம்.

நம் அளவை வீட்டிலேயே எடுத்துவிடலாம். மளிகைக் கடை அட்டைப்பெட்டியில் ஒரு துண்டு கிழித்து வாசற்படியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, சைக்கிள் ஓட்டுவதுபோல் முன்னால் சாயுங்கள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்தால் அட்டையில் இரண்டு குழி விழுந்திருக்கும். சரியாகத் தெரியவில்லை என்றால் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தால் போதும், குழியில் மட்டும் நிறம் ஏறாது. ஒரு குழியின் நடுவிலிருந்து அடுத்த குழியின் நடுவுக்கு எனக்கு 11 செ.மீ. வந்தது. அதோடு 2 அல்லது 2.5 செ.மீ. கூட்டினால் சீட்டின் அகலம். ரத்தன் பஜாரில் டேப்பை நீட்டிக் கேட்டேன். கடைக்காரர் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தது நடுவில் பள்ளம் வெட்டிய, விரலால் அமுக்கினால் கட்டை மாதிரி இருக்கும் சீட்டு. இப்போது மரத்துப்போவதே இல்லை.

பெரம்பூரிலிருந்து:

அண்ணா, அட்டை அளவு எடுத்தேன், எனக்கு 13 வந்தது. பெண்களுக்குப் பொதுவாகவே இடுப்பெலும்பு அகலம், ஆண்கள் சீட்டு பலருக்கும் போதாது. நான் சேர்த்துச் சொல்ல விரும்புவது சாய்மானம். என் சீட்டின் மூக்கு ஒரு துளி மேலே தூக்கி நின்றது. கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கிளாம்ப் நட்டைத் தளர்த்தி மட்டமாக்கியதில் பாதி வலி போய்விட்டது. அதற்காக மூக்கை ரொம்ப இறக்கிவிடவும் கூடாது. உடம்பு முன்னால் வழுக்கும், எடையெல்லாம் மணிக்கட்டில் இறங்கும்.

அப்புறம் உயரம். சிக்னலில் இரண்டு காலும் தரையில் பதிய வேண்டும் என்று நம்மில் பலர் சீட்டைத் தாழ்த்தியே வைத்திருக்கிறோம். அப்படி வைத்தால் கால் எடையைத் தாங்காது, மொத்தப் பாரமும் சீட்டில்தான். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக நிற்க வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது அது தானாக லேசாக மடங்கும். அதற்கு மேல் ஏற்றினால் இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி, தொடையிடுக்கில் உரசிப் புண்ணாகும். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள், எதனால் சரியானது என்றே தெரியாமல் போகும்.

ஒரு சந்தேகம். என் அத்தை மார்க்கெட்டுக்கு லேடீஸ் சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்து போகிறவர். என் சீட்டு மாதிரியே அவருக்கும் வாங்கலாமா?

ராயபுரத்திலிருந்து:

வேண்டாம்மா. நிமிர்ந்து ஓட்டுபவருக்கு எடை முழுவதும் பின்னால்தான் இறங்கும். அவருக்கு உங்களுடையதைவிட அகலமான, ஸ்பிரிங் வைத்த சீட்டுதான் சரி. ஹேண்டில்பார் தாழத் தாழ உடம்பு முன்னால் சாயும், சீட்டும் ஒடுங்கலாம். அந்தக் கால ஹெர்குலிஸ் வண்டிகளில் ஸ்பிரிங் சீட்டு இருந்தது இதற்காகத்தான். அதைச் செய்த டி.ஐ. சைக்கிள்ஸ் நம் அம்பத்தூர் கம்பெனி, 1949-இல் தொடங்கியது.

அப்பாவின் ஹெர்குலிஸில் தோல் சீட்டு. அதில் ஸ்பாஞ்சே கிடையாது, இழுத்துக் கட்டிய தோல் மட்டும்தான். புதிதில் உறுத்தும், போகப் போக உட்காருகிறவர் எலும்புக்கு ஏற்றபடி தோல் பள்ளம் வாங்கிக்கொள்ளும். அதை இன்றும் ஓட்டுகிறேன், காசிமேடு வரை போய் வந்தால் அலுப்பே தெரியாது. ஐப்பசி மழையில் மட்டும் பாலிதீன் உறை போட்டுவிடுவேன். நனைந்த தோலில் உட்கார்ந்தால் தொய்ந்துவிடும். எண்ணெய் அதிகம் தடவினாலும் அப்படித்தான். லேசாகத் தொய்ந்தால் மூக்கின் அடியில் உள்ள நட்டைக் கால் சுற்று முடுக்கலாம், அதற்கு மேல் போனால் தோல் கிழியும்.

அத்தைக்கு வாங்கப் போகும்போது பழைய சீட்டைப் பைப்போடு கழற்றி எடுத்துக்கொண்டு போங்க. புதுச் சீட்டின் கிளாம்ப் அதில் இறுக்கமாகப் பிடிக்கிறதா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்துவிடலாம்.