கட்டைவிரல் அடிபட்ட பிறகு

ஜெர்மனியின் நியூரம்பெர்க்குக்கு வேலைக்கு வந்த இரண்டாவது வருடம். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியின் விளையாட்டுக் கூடம். வியாழக்கிழமை இரவு அந்த வழியாக வந்தால் உள்ளே இரும்பும் இரும்பும் மோதுகிற சத்தம் கேட்கும். ஒரு நாள் கதவோரம் நின்று பார்த்தேன். அடுத்த வாரமே சேர்ந்துவிட்டேன். இப்போது நான்கு வருடம் ஆகிறது.

அங்கே பழகுவது இரண்டு கையாலும் பிடிக்கும் ஜெர்மானிய நீள்வாள். பயிற்சிக்கு ஃபெடர் என்று ஒரு மழுங்கல் வாள் இருக்கிறது. தரையில் ஊன்றினால் என் நெஞ்சுவரை வரும், எடை மட்டும் ஒன்றரைக் கிலோவைத் தாண்டாது. குத்தும்போது அலகு வில் மாதிரி வளைந்துகொடுக்கும். வலைமுகமூடி, பஞ்சு திணித்த கெட்டிச் சட்டை, தொண்டைக் காப்பு, நண்டுக்கொடுக்கு போன்ற கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டுதான் மோத முடியும். பத்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும்.

எங்களுக்குப் பாடம் யோஹானெஸ் லீக்டனாவர் என்ற 14ஆம் நூற்றாண்டு ஆசானின் பாட்டுகள். மனப்பாடம் செய்ய வசதியான எதுகைபோட்ட ஈரடிகள். படித்தால் நேராகப் பொருள் விளங்காது. நம் சூத்திரங்களுக்கு உரைகாரர்கள் வந்தது போல இவற்றுக்கும் பின்னால் வந்த ஆசான்கள் உரை எழுதினார்கள். அதில் மிகப் பழையதாகச் சொல்லப்படும் கையெழுத்துப் பிரதி இந்த ஊரின் ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் குறிப்பேடு அது. வாள் வித்தைக்கு நடுவே மருந்துக் குறிப்பு, ரசவாதம் என்று என்னென்னவோ கிடக்கும். வாள் பகுதியில் ஒரு படம்கூடக் கிடையாது. 1487-ல் மார்க்ஸ்புரூடர் என்ற வாள்வீரர் சங்கத்துக்குப் பேரரசர் மூன்றாம் ஃபிரெடரிக் உரிமைப் பட்டயம் கொடுத்ததும் இதே ஊரில்தான். அப்படி வாழ்ந்த கலை, கைமாறிக் கைமாறி வந்த அந்த வரிசை, இடையில் அறுந்துபோய்விட்டது. மிஞ்சியது காகிதம். அதனால் ஒரு வரியை எடுத்து வைத்துக்கொண்டு, 'கால் இங்கேயா, அங்கேயா' என்று இருவர் வாளோடு நின்று வாதாடுவது எங்கள் கூடத்தில் வாராவாரம் நடக்கும். எனக்கு இங்கே மிகவும் பிடித்தது அதுதான்.

முதல் ஒன்றரை வருடம் எனக்கு ஒன்று மட்டும் பிடிபடவே இல்லை: 'ஃப்யூலன்', அதாவது உணர்தல். வாளும் வாளும் முட்டி ஒட்டி நிற்கிற கணத்தில், எதிராளி அழுத்துகிறாரா, தளர்ந்திருக்கிறாரா என்பதைக் கண்ணால் பார்க்காமல் அலகு வழியாகவே அறிய வேண்டும். அழுத்தினால் விட்டுக்கொடுத்துச் சுற்றி மறுபக்கம் அடி. தளர்ந்திருந்தால் அங்கேயே நேராகக் குத்து. எங்களுக்குச் சொல்லித்தருபவர் ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண்மணி, என்னைவிட ஒரு தலை குள்ளம். முகமூடிக்குள் என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வார். வாளை ஒட்டவைத்துவிட்டு, "கெட்டியா, மெத்தா? சொல்லு" என்பார். நான் சொல்வது பாதிக்குமேல் தப்பாகவே இருக்கும். சரி, மோதிப் பார்க்கலாம் என்று நின்றால், நான் பலம் கொண்டமட்டும் தள்ளுவேன். அவர் வாள் சட்டென்று காணாமல் போகும். மறுகணம் என் இடது காதருகே முகமூடியில் 'டங்' என்று விழும்.

அப்புறம் அந்த அடி. குறுக்குவெட்டு ஒன்று உண்டு, ட்ஸ்வெர்ஹாவ் என்பார்கள். கைப்பிடியைத் தலைக்கு மேலே தூக்கி, கட்டைவிரலை அலகின் தட்டையில் வைத்து, காற்றாடி மாதிரி வாளைச் சுழற்ற வேண்டும். அன்று நான் இரவல் வாங்கிய மெல்லிய கையுறையோடு அதைப் பழகினேன். எதிரே வந்த வெட்டு நேராகக் கட்டைவிரலில் விழுந்தது. வெட்டியவர் மேல் தப்பே இல்லை, கையுறைதான் போதாது. எலும்பில் கீறல், ஐந்து வாரம் கட்டு. சேருகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான்: வாள் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம், கனமான கையுறையை முதலில் வாங்குங்கள்.

கட்டுப் பிரித்துத் திரும்பிப் போனபோது இறுக்கிப் பிடிக்க விரலில் தெம்பில்லை. வேறு வழியில்லாமல் கோழிக்குஞ்சைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தேன். எதிரே நின்றவர் சொல்லித்தரும் அந்தப் பெண்மணி. வாள்கள் முட்டின. அவர் அலகு என் அலகின் மேல் மெல்லச் சாய்வது உள்ளங்கையில் வந்து சேர்ந்தது, நரநரவென்ற சின்ன அதிர்வாக. அவர் அழுத்துகிறார்! யோசிக்கவில்லை. விட்டுக்கொடுத்தேன், கை தானாகத் தலைக்கு மேல் போனது, வாள் சுற்றிவந்து அவர் முகமூடியின் மறுபக்கத்தைத் தொட்டது.

எங்கள் கூடத்தில் நடுவர் கிடையாது. அடி வாங்கியவரே கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். அவர் உடனே கையைத் தூக்கினார். முகமூடியைக் கழற்றி, வேர்த்த முகத்தோடு, "இப்போ கேட்டுச்சா?" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன்.

"நல்லது. ஆனா கால் தப்பு" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து உரைப் புத்தகத்தின் நகலை எடுத்துத் தரையில் விரித்தார். பத்து மணிக்கு விளக்கை அணைக்க ஆள் வந்தபோதும் நாங்கள் அந்த ஒரே வரியில்தான் நின்றிருந்தோம்.