புதுப்பிப்பு: பீன்ஸ் இலை மஞ்சளானது இரும்புச்சத்துக் குறையால்தான்

பீன்ஸ் கொழுந்து இலை வெளுக்கிறது, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன். தழைச்சத்துக் குறை என்று யூரியா போடச் சொன்னார்கள் சிலர். நல்லவேளை, போடவில்லை. தழைச்சத்துக் குறையென்றால் அடியிலைதான் முதலில் மஞ்சளாகும்.

மண் பரிசோதனையில் கார அமில நிலை (pH) 8.2, அதாவது காரத்தன்மை கூடிய மண். இப்படிப்பட்ட சுண்ணாம்பு மண்ணில் இரும்பு இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. அன்னபேதியை (இரும்பு சல்பேட் உப்பு) மண்ணில் போட்டாலும் அதிலுள்ள இரும்பு வேர் எடுக்க முடியாதபடி மண்ணிலேயே பிணைந்துபோய்விடும். அதனால் லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலைவழி தெளித்தேன். பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை.

இப்போது வரும் புது இலைகள் விரியும்போதே கரும்பச்சை! பார்க்கவே மனம் நிறைகிறது. முன்பு நன்றாக வெளுத்த இலைகள் மட்டும் தேறவில்லை.