சாவு குறைந்திருக்கிறது, விபத்து கூடியிருக்கிறது: எங்கள் ஊர்ச் சாலையை எப்படிப் புரிந்துகொள்வது?

ஓரத்தெரு:

வணக்கம். பெரிய நகரத்தை ஒட்டி வளர்ந்த ஒரு புறநகரில் இருக்கிறேன். ஊர் நடுவே போகும் சாலையை நான்கு தடமாக அகலப்படுத்திச் சில வருடங்கள் ஆகின்றன. ஒரு பக்கம் வீடுகளும் பள்ளியும், எதிர்ப்பக்கம் பேருந்து நிறுத்தமும் கடைகளும். அந்தச் சாலையைக் கடக்காமல் இங்கே யாருக்கும் பொழுது போகாது.

குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். பள்ளி முனையில் சைக்கிளில் வந்த ஒரு பையனை வேன் இடித்துவிட்டது. உயிர் பிழைத்துவிட்டான், ஆனால் இன்னும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறான். அதற்குப் பிறகு ஆண்டுவாரியான விபத்துப் பட்டியலைக் கேட்டு வாங்கினோம். அதில் உயிரிழப்பு குறைந்திருக்கிறது, மொத்த விபத்து கூடியிருக்கிறது. கூட்டத்துக்கு வந்த அதிகாரி, "சாவு குறைந்துவிட்டது, போன வருடம் வைத்த கேமரா நன்றாக வேலை செய்கிறது" என்றார். எங்கள் ஆட்கள், "விபத்து கூடிவிட்டது, நிலைமை மோசம்" என்றார்கள். இரண்டு தரப்பும் ஒரே தாளைத்தான் பார்த்துப் பேசின.

நகர்மன்றக் கூட்டத்தில் எனக்குப் பேச நேரம் கொடுத்திருக்கிறார்கள். இந்த எண்களை எப்படிப் படிக்க வேண்டும்? எதைக் கேட்டு வாங்கினால் அந்த முனையில் இன்னொரு பிள்ளை அடிபடாமல் இருக்கும்? எங்கள் தெருவிலேயே பாதிப் பேர் வேகத்தடை என்கிறார்கள், பாதிப் பேர் சிக்னல் என்கிறார்கள்.

தடம்:

வணக்கம் அம்மா. சாலைப் பாதுகாப்புத் தணிக்கைதான் என் வேலை. பட்டியலைக் கேட்டு வாங்கியதே பெரிய காரியம், அதை விட்டுவிடாதீர்கள்.

உயிரிழப்பு எண்ணிக்கையிலிருந்து தொடங்குகிறேன். சின்ன ஊரில் அதை வருடத்துக்கு வருடம் ஒப்பிடக் கூடாது. ஓர் ஊரில் ஆண்டுக்குச் சராசரியாக 4 பேர் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் எதையுமே மாற்றாமல் ஒரு வருடம் 2, மறுவருடம் 6 என்று வரலாம். எண் சிறியதாக இருந்தால் தற்செயலுக்கே அவ்வளவு இடம் உண்டு. அதனால் ஐந்தைந்து ஆண்டுகளாகச் சேர்த்துப் பாருங்கள். உயிரிழப்போடு படுகாயத்தையும் சேர்த்து எண்ணுங்கள். உயிர் போவதா, கால் முறிவதா என்பது பல நேரம் சில அங்குல வித்தியாசம்தான்.

கேமராவுக்கும் இதே கணக்கு பொருந்தும். ஒரு மோசமான வருடத்துக்குப் பிறகுதான் எங்கேயும் கேமரா வைப்பார்கள். மோசமான வருடத்துக்கு அடுத்த வருடம் பெரும்பாலும் தானாகவே கொஞ்சம் நல்ல வருடமாக இருக்கும். கேமரா வேகத்தைக் குறைக்கும் என்பதற்குப் பல நாடுகளில் சான்று உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் ஊரில் அது என்ன செய்தது என்பதை ஒரு வருட எண் சொல்லாது. கேமரா வைப்பதற்கு முன்னும் பின்னும் வண்டிகளின் வேகத்தை அளந்தார்களா என்று அந்த அதிகாரியிடமே கேளுங்கள்.

மொத்த விபத்து கூடியதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஊர் வளர்ந்திருக்கிறது, வண்டி பெருகியிருக்கிறது. காப்பீட்டுக்காகச் சின்னச் சின்ன இடிப்பையும் மக்கள் பதிவு செய்யத் தொடங்கியிருக்கலாம். சரி, அப்படியானால் வண்டி எண்ணிக்கையால் வகுத்து விகிதம் பார்த்தால் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. அகலமான சாலையில் வண்டி கூடிக்கொண்டே போகும், விகிதம் அழகாகக் குறைந்துகொண்டே வரும், செத்தவர்கள் எண்ணிக்கை மட்டும் அப்படியே இருக்கும்.

இதைவிட என்னை உறுத்துவது ஒன்று உண்டு. ஒரு சாலை மிகவும் ஆபத்தாகிவிட்டால் மக்கள் அதைக் கடப்பதையே விட்டுவிடுவார்கள். முதியவர்கள் வீட்டோடு இருந்துகொள்வார்கள். பிள்ளைகளைப் பெற்றோர் வண்டியில் கொண்டுபோய் விடுவார்கள். அப்போது பாதசாரி விபத்து குறையும், தாளில் சாலை பாதுகாப்பாகத் தெரியும். முன்பு எத்தனை பிள்ளைகள் நடந்தோ சைக்கிளிலோ பள்ளிக்கு வந்தார்கள், இப்போது எத்தனை பேர் என்று பள்ளியில் விசாரியுங்கள். பட்டியலில் இல்லாத பாதிக் கதை அதில் இருக்கிறது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் வருடக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு விபத்துக்கும் இடம், நேரம், யார் எந்தத் திசையிலிருந்து வந்தார்கள், வெளிச்சம் இருந்ததா, சாலை ஈரமா என்ற விவரத்தைக் கேட்பேன். பெயர்கள் வேண்டாம். ஊர் வரைபடத்தை விரித்து ஒவ்வொன்றையும் அம்புக்குறியாகப் போடுங்கள். சிதறிக் கிடக்கிற மாதிரி தெரிந்தவை இரண்டு மூன்று இடங்களில் குவியும். ஓரிடத்தில் எல்லாமே பக்கவாட்டு மோதல், இன்னோரிடத்தில் இருட்டிய பிறகு நடந்து கடந்தவர்கள் அடிபட்டது, வேறோரிடத்தில் பின்னால் வந்து இடித்தது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. வேகத்தடையா சிக்னலா என்ற சண்டையே இதற்கு முன்னால் தொடங்கியிருக்கக் கூடாது.

அடுத்த விபத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. மயிரிழையில் தப்பிய நிகழ்வுகளை முறையாகக் கவனித்துப் பதிவு செய்யும் முறையை சுவீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே உருவாக்கினார்கள். திடீர் பிரேக், சட்டென ஒடித்துத் திருப்புவது, நடப்பவர் பின்வாங்கி ஓடுவது எல்லாம் அதில் சேரும். பள்ளி விடும் நேரத்தில் முனையில் இரண்டு பேர் நின்று குறித்தாலே எந்தத் திருப்பத்தில் பிரச்சினை என்று தெரிந்துவிடும். கைப்பேசியில் படமும் எடுங்கள்.

இரவுப்பணி:

தடம் சார் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். நான் விபத்துச் சிகிச்சைப் பிரிவில் செவிலியர். எங்களிடம் வருகிறவர்களும் காவல்துறைப் பட்டியலில் இருப்பவர்களும் ஒன்றல்ல. சைக்கிளில் தனியாகப் பள்ளத்தில் விழுந்தவர், நடைபாதை உடைந்து தடுக்கி விழுந்த பாட்டி, வண்டி உரசிவிட்டுப் போனதில் மணிக்கட்டு முறிந்த பெண் என்று பலர் எந்தப் பதிவிலும் ஏறுவதில்லை. யாரும் புகார் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும்தான் இப்படி அதிகம் விடுபடுகிறார்கள்.

"சிறு காயம்" என்று எழுதப்பட்டவரும் தலைக்குள் இரத்தக் கசிவோடு மறுநாள் வந்திருக்கிறார். பல நாடுகளில் விபத்து நடந்து 30 நாட்களுக்குள் இறந்தால் அது சாலை உயிரிழப்பு என்று கணக்கு. உங்கள் பட்டியல் அந்த வரையறைப்படி தயாரானதா, சம்பவ இடத்தில் இறந்தவர்கள் மட்டுமா என்று கேளுங்கள் அக்கா. பெயர், முகவரி இல்லாமல் மாதவாரியான எண்ணிக்கையை மருத்துவமனைகளும் கொடுக்க முடியும். சங்கத்தின் கடிதத் தலைப்பில் எழுத்தில் கேட்டால் வழி பிறக்கும்.

அந்தப் பையனைப் பற்றிப் படித்ததும் மனது கனத்தது. "பிழைத்துவிட்டான்" என்பது எங்கள் வார்டில் பாதி வாக்கியம்தான். மீதி, மாதக்கணக்கில் பிசியோதெரபி, விட்டுப்போன படிப்பு, வேலையை விட்டுப் பார்த்துக்கொள்ளும் அம்மா. கூட்டத்தில் இதையும் சொல்லுங்கள்.

ஓரத்தெரு:

இரண்டு பேருக்கும் மிகவும் நன்றி. வரையறை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, கடிதம் எழுதுகிறேன். பள்ளியிலும் விசாரித்தேன். சைக்கிள் நிறுத்தும் கொட்டகை பாதி காலியாகக் கிடக்கிறது என்று வாயில்காவலர் சொன்னார். வாசலில் கார்தான் நெருக்குகிறதாம்.

தடம் ஐயா, கூட்டத்தில் வேகத்தைக் குறைக்கச் சொன்னால் "ஊர் முன்னேற வேண்டாமா, நெரிசல் வரும்" என்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்ல?

தடம்:

கணக்கையே பதிலாகச் சொல்லுங்கள். ஆளைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஓட்டுநருக்கு ஒரு விநாடி ஆகிறது என்று வைப்போம். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் கார் அந்த ஒரு விநாடியில் 8 மீட்டர் வந்துவிடும், பிறகு காய்ந்த சாலையில் 5 மீட்டரில் நிற்கும். மொத்தம் 13 மீட்டர். 50-ல் வரும் கார் அந்த ஒரு விநாடியிலேயே 14 மீட்டர் வந்துவிடும், நிற்க இன்னும் 14 மீட்டர் வேண்டும். ஆகவே 13 மீட்டர் தூரத்தில் ஒரு பிள்ளை சாலையில் இறங்கினால் முதல் கார் அவன்முன் நிற்கும். இரண்டாவது கார் பிரேக் பிடிப்பதற்கு முன்பே முழு 50-ல் அவனை மோதும். மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி கூடுவதால், 30-ஐவிட 50-ல் அது ஏறக்குறைய மூன்று மடங்கு. ஓட்டுநர் நல்லவரா கெட்டவரா என்பது இந்தக் கணக்கில் வரவே இல்லை, கவனியுங்கள்.

சராசரி வேகம் 1% கூடினால் உயிர்பறிக்கும் விபத்துக்கான ஆபத்து 4% கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2021-ல் உலகம் முழுக்கச் சாலையில் இறந்தவர்கள் சுமார் 11.9 லட்சம் பேர் என்பது அவர்கள் மதிப்பீடு. 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் மரணத்துக்கு முதல் காரணமே இதுதான்.

செய்து காட்டிய ஊர்களும் உண்டு. "சாலையில் ஒருவரும் சாகக் கூடாது, படுகாயமும் கூடாது" என்பதைக் கொள்கையாகவே 1997-ல் சுவீடன் நாடாளுமன்றம் ஏற்றது. மனிதர் தவறு செய்யத்தான் செய்வார், அந்தத் தவறுக்கு உயிர் விலையாகாதபடி சாலையைக் கட்டுவது கட்டுபவரின் பொறுப்பு என்பது அதன் அடிப்படை. பெரும்பாலான குடியிருப்புத் தெருக்களில் வேக வரம்பை 30 என்று வைத்த, பின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கியில் 2019-ல் நடந்துபோனவர் ஒருவர்கூடச் சாலையில் இறக்கவில்லை. 2024 ஜூலையிலிருந்து ஓராண்டுக்கு அந்த நகரில் சாலை மரணமே இல்லை.

தலைநகரோடு எங்களை ஒப்பிடாதே என்றால் ஹோபோக்கனைச் சொல்லுங்கள். நியூயார்க்குக்கு எதிர்க்கரையில், நியூ ஜெர்சியில் இருக்கும் சிறு நகரம். சுமார் 60,000 பேர். 2017 ஜனவரிக்குப் பிறகு ஏழு ஆண்டுகளுக்கு மேல் அங்கே சாலை மரணம் இல்லை. அவர்கள் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, தெருமுனையை ஒட்டி வண்டி நிறுத்துவதைத் தடுத்தது. கடப்பவரும் ஓட்டுநரும் ஒருவரையொருவர் பார்க்க முடிந்தது. கம்பும் பெயிண்டும் கொண்டே தொடங்கலாம். உங்கள் பள்ளி முனையில் கார்கள் நெருக்கி நிற்கின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நெரிசல் பற்றி: ஊருக்குள் பயண நேரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் முனைகளில் காத்திருக்கும் நேரம்தான், இடையில் பறக்கும் வேகம் அல்ல. ஒரே தடம் கொண்ட வளையச் சந்திப்பு, அதாவது ரவுண்டானா, இந்த இடத்தில் கைகொடுக்கும். நான்கு சாலை கூடும் சாதாரணச் சந்திப்பில் வண்டிகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளக்கூடிய புள்ளிகள் 32. வளையச் சந்திப்பில் அது 8. நேருக்கு நேர், குறுக்குவாட்டு மோதல்களுக்கு அங்கே அநேகமாக வழியே கிடையாது. சிக்னலும் பக்கவாட்டு மோதலைக் குறைக்கும், ஆனால் பின்னால் இடிப்பது கூடலாம், மஞ்சள் விளக்கைப் பிடிக்க வேகமெடுப்பவர்களும் உண்டு. வரைபடம் தயாரான பிறகு எது என்று முடிவு செய்யுங்கள்.

கடப்பவர்களுக்கு: நான்கு தடத்தை ஒரே மூச்சில் கடக்கச் சொல்வது முதியவர்மேல் செய்யும் கொடுமை. நடுவில் நின்றுகொள்ள ஒரு மேடை கேளுங்கள், ஒரு நேரத்தில் ஒரு திசையை மட்டும் பார்த்தால் போதும். கடக்கும் இடத்தையே நடைபாதை உயரத்துக்கு மேடாக்கினால் இன்னும் நல்லது. "மெதுவாகச் செல்லவும்" பலகையை மட்டும் வைத்துவிட்டு முடிந்தது என்று சொல்ல விடாதீர்கள். அகலமான, நேரான சாலை "வேகமாகப் போ" என்று சொல்லும்போது பலகையை யார் கேட்பார்கள்?

நீளவண்டி:

பேருந்து ஓட்டுநர் நான். வேகத்தடை கேட்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அளவில்லாமல் குத்தாக ஒரு மேட்டைப் போட்டுவிடாதீர்கள். இருக்கையிலிருந்து பயணிகள் தூக்கிப்போடப்படுகிறார்கள், நின்றுகொண்டு வருபவர் விழுகிறார், ஆம்புலன்ஸில் முதுகெலும்பு அடிபட்டவர் இருந்தால் சொல்லவே வேண்டாம். வர்ணமும் விளக்கும் இல்லாத வேகத்தடை இரவில் இருசக்கர வண்டிக்காரரைக் கவிழ்க்கும். பேருந்தின் அகலமான அச்சு இருபுறமும் தாண்டிப் போகும்படி, காரின் சக்கரம் மட்டும் ஏறும்படி சின்னச் சின்ன மேடுகளாகப் போடும் முறை உண்டு. அதைக் கேளுங்கள்.

இன்னொன்று, உங்கள் பேருந்து நிறுத்தம் கடக்கும் இடத்துக்கு முன்னால் இருக்கிறதா, தாண்டியா? முன்னால் இருந்தால் இறங்கியவர்கள் என் வண்டியின் மூக்கை ஒட்டிக் கடப்பார்கள். எனக்குத் தெரியும், பக்கத்துத் தடத்தில் முந்தி வருபவனுக்குத் தெரியாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிள்ளைகள் இறங்கும்போது எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும் இடம் அதுதான். கடக்கும் இடத்தைத் தாண்டி நிறுத்தம் இருந்தால் அவர்கள் வண்டிக்குப் பின்னால் கடப்பார்கள், எதிரே வருபவனைத் தவிர எல்லாரும் பார்த்துவிடலாம். எதிரே வருபவனுக்குத்தான் தடம் சார் சொன்ன நடு மேடை.

ஓரத்தெரு:

அண்ணா, நிறுத்தம் முன்னால்தான் இருக்கிறது. அந்த வேனும் நின்றிருந்த பேருந்தை முந்தி வந்ததுதான். வரைபடத்தில் அதையும் குறித்துவிட்டேன். நிறுத்தத்தை நகர்த்துவது, முனையில் கார் நிறுத்தத் தடை, நடு மேடை என்ற வரிசையில் மனு எழுதுகிறேன். வேகத்தை முன்னும் பின்னும் அளந்து எங்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று கடைசி வரியில் சேர்த்திருக்கிறேன். நாளை பள்ளி விடும் நேரத்தில் முனையில் நிற்க மூன்று பேர் சம்மதித்திருக்கிறார்கள்.