அம்மாவின் இமையில் கட்டி: வெட்டாமல் கரைக்க வழி உண்டா?

தலவாக்கலைப் பெண்: அவசரம். அம்மாவுக்கு மேல் இமையில் கட்டி. ஒத்தடம் கொடுத்தும் போகவில்லை. வெட்டச் சொல்கிறார்கள், அம்மா பயப்படுகிறார். களிம்பு நல்லதா, ஊசி நல்லதா?

கொட்டகலை அண்ணன்: வலி இருக்கிறதா? எத்தனை நாளாக? அம்மாவுக்கு என்ன வயது? இதெல்லாம் தெரியாமல் எப்படிச் சொல்வது தங்கச்சி?

ஊவாக்காற்று: கண்கட்டிதான், சூட்டினால் வருவது என்பார்கள். நாமக்கட்டியை உரைத்துப் பூசுங்கள். எங்கள் தோட்டத்து லயன் வீடுகளில் எல்லோரும் அதைத்தான் செய்வோம், இரண்டு நாளில் வற்றிவிடும்.

பழைய ஆள்: இதற்கு எத்தனை முறை எழுதுவது? கேட்கும் முன் தேடிப் பார்க்க வேண்டும். கண்கட்டி வேறு, கலேசியன் வேறு. கண்கட்டி சிவந்து வலிக்கும், பெரும்பாலும் தானே உடைந்து ஆறும். கலேசியன் என்பது இமைக்குள் எண்ணெய் சுரக்கும் மைபோமியன் சுரப்பி அடைபட்டு உருண்டையாவது. பெரும்பாலும் வலி இருக்காது. அதில் கிருமி இல்லாததால் குளோரம்பெனிக்கோல் என்ற கிருமிகொல்லிக் களிம்பைப் பூசிப் பயனில்லை. கண்ணுக்குப் பக்கத்தில் நாமக்கட்டியும் வேண்டாம்.

தாதி அக்கா: அவர் சொல்வது சரி, ஆனால் கேட்ட பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம். கலேசியன் என்றால், 2007இல் வெளிவந்த ஓர் ஒப்பீட்டு ஆய்வில் ஒத்தடம் மட்டும் கொடுத்தவர்களில் 46 சதவீதம் பேருக்குக் கட்டி கரைந்தது. கட்டியில் டிரையம்சினலோன் என்ற ஸ்டீரொய்ட் ஊசி போட்டவர்களில் 84, கீறி எடுத்தவர்களில் 87. ஊசி கிட்டத்தட்ட வெட்டுக்குச் சமம்தான். ஆனால் நம்மைப் போன்ற கறுத்த தோலில் ஊசி போட்ட இடம் வெளுத்துப்போகலாம், அதை டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒத்தடம் என்றால் தடவைக்கு 10 நிமிடம், நாளுக்கு 3, 4 தடவை. அப்புறம் இமையை மெதுவாக நீவிவிட வேண்டும்.

நானுஓயா தம்பி: இந்தக் குளிரில் துணி ஒரு நிமிடத்தில் ஆறிவிடுகிறது அக்கா. அவித்த முட்டையைத் துணியில் சுற்றி வைத்தால் சூடு நிற்கும்.

பழைய ஆள்: முட்டையால் இமை வெந்துபோனவர்கள் உண்டு. துணியைத் திரும்பத் திரும்ப நனைப்பதே முறை.

நானுஓயா தம்பி: நான் ஒரு மாதம் முட்டைதான் வைத்தேன், ஒன்றும் ஆகவில்லை.

ஊவாக்காற்று: வறுத்த அரிசி முடிச்சு இரண்டையும் விட நல்லது.

தாதி அக்கா: எதுவானாலும் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். கை தாங்காத சூட்டை இமை தாங்காது.

தலவாக்கலைப் பெண்: மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். அம்மாவுக்கு 54. வலி இல்லை. மூன்று மாதமாக இருக்கிறது. போன வருடமும் அதே இடத்தில் வந்து வெட்டினார்கள். ஒத்தடம் காலையில் தோட்ட வேலைக்கு மலைக்குப் போகுமுன் ஒரு தடவைதான். கிளினிக் போனால் அன்றைக்குப் பேர், அதாவது அந்த நாள் சம்பளம், போய்விடும் என்று அம்மா தள்ளிப்போடுகிறார்.

தாதி அக்கா: இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் தங்கச்சி. இந்த வயதில் அதே இடத்தில் திரும்ப வந்தால் ஒத்தடமா ஊசியா என்று பார்க்கக் கூடாது. இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய் ஒன்று உண்டு. அரிதுதான், ஆனால் பார்வைக்குக் கலேசியன் மாதிரியே இருக்கும். சதையில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும். போன தடவை எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்றும் கேளுங்கள். கட்டி இருக்கும் இடத்தில் இமை முடி கொட்டியிருக்கிறதா?

நானுஓயா தம்பி: அரிசி முடிச்சு ஈரச்சூடு தராது அண்ணா.

கொட்டகலை அண்ணன்: முட்டையை விடுங்கள் தம்பி. தங்கச்சி, ஒரு நாள் பேர் போனால் போகட்டும், அம்மாவைக் கூட்டிப்போங்கள்.

தலவாக்கலைப் பெண்: இப்போதுதான் டோர்ச் அடித்துப் பார்த்தேன். அந்த இடத்தில் மூன்று நான்கு முடி இல்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் நுவரெலியா போகிறோம்.