இரணைமடுவில் தூண்டில் போட எந்த நேரம் நல்லது?

வவுனியாப் பெடியன்:
ஓகஸ்ட் லீவில் மாமாவோடு கிளிநொச்சி இரணைமடுக் குளத்துக்குத் தூண்டில் போடப் போகிறோம். திலாப்பியா மீன்தான் நோக்கம். பறுவத்தை (பௌர்ணமியை) ஒட்டிப் போனால் நிறையப் படும் என்கிறார் மாமா. எந்த நாள், எந்த நேரம் போகலாம்?

குளக்கட்டுக்காரன்:
தம்பி, மாமா சொல்வது கடலுக்குச் சரி. பறுவத்திலும் அமாவாசையிலும் கடல் கூடுதலாக ஏறி வற்றும், நீரோட்டம் இழுக்கும், மீனும் இரை தேடி அலையும். குளத்தில் அந்த ஓட்டம் இல்லை. இங்கே முதலில் காற்றைப் பாருங்கள்.

ஓகஸ்டில் சோளகக் காற்று. தென்மேற்கிலிருந்து அடிக்கிற காற்று மேல்தண்ணீரை வடக்கே அணைக்கட்டுப் பக்கம் தள்ளும். மிதக்கிற பாசியும் பூச்சியும் அங்கேதான் ஒதுங்கும். கட்டுக் கல்லோரம் குனிந்து பாருங்கள். வெள்ளையாக ஒரு நுரைக்கோடு, அதற்குள் அரைத்த இலை மாதிரிப் பச்சைப் பாசி, அதன் கீழே விரல் நீளக் குஞ்சுகள் கொத்திக்கொண்டு நிற்கும். அந்தக் கோட்டுக்கு ஒன்றிரண்டு பாகம் (பாகம் என்றால் ஆறடி) வெளியே போடுங்கள். பெரியவை அங்கேதான் நிற்கும்.

விடியமுன் ஓட வேண்டாம். இரவில் பாசியும் செடியும்கூடத் தண்ணீரிலுள்ள ஒட்சிசனை எடுக்கும். விடிகிற நேரம் அது மிகக் குறைவு, மீன் சோர்ந்து நிற்கும். வெயில் பட்டு ஒரு மணித்தியாலம் போகட்டும். ஏழரையிலிருந்து பத்து மணிவரை என் நேரம். மத்தியானம் கரைத்தண்ணீர் சுடும், மீன் ஆழத்துக்கு இறங்கிவிடும். பிறகு நாலரைக்கு இரைக்குப் பாணை (ரொட்டியை) பிசைந்துகொண்டு திரும்ப வாருங்கள்.

வட்டுவாகல் அக்கா:
தம்பி, முல்லைத்தீவுப் பக்கம் நந்திக்கடல் களப்புக்கு வந்தால் நிலவையும் பாருங்கள். இறாலுக்கு அமாவாசை இருட்டுத்தான் வேண்டும். நிலவு வெளிச்சத்தில் விளக்குக்கு இறால் வராது. மழை வெள்ளத்தில் முகத்துவாரம் உடைத்துப் பாய்ந்த பிறகு கடலிலிருந்து குஞ்சுகள் ஏறி உள்ளே வளரும். அதனால் ஓகஸ்டை விட வாடைக்காற்று மழைக்குப் பிந்திய மாதங்கள் நல்லது.

வவுனியாப் பெடியன்:
நன்றி அண்ணை, நன்றி அக்கா. அப்போ விராலுக்கும் இதே நேரமா?

குளக்கட்டுக்காரன்:
இல்லை. விரால் மேலே வந்து வெளிக்காற்றை எடுக்கும், ஒட்சிசன் குறைந்தாலும் அதற்குக் கவலையில்லை. அதற்கு விடியற்காலைதான் சரி. தாமரையும் புல்லும் அடர்ந்த ஓரத்தில் சின்னத் தவளையைக் கொழுவி மெதுவாக இழுங்கள். ஆனால் காலை நனைத்துக்கொண்டு நிற்கவே வேண்டாம், முதலை உள்ள குளம். மாமாவுக்கும் சொல்லிவிடுங்கள்.